கிண்ணத்துக்கு முந்திய புல்

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். மானத்தைப் பற்றிச் சொல்ல வந்த அந்தப் பழமொழிக்குள் விலங்குகளைப் பற்றிய ஒரு கணிப்பும் ஒளிந்திருக்கிறது. ஊன் தின்னும் பிராணிக்குப் புல் ஆகாது, அது புல்லில் வாய் வைத்தால் உடம்பில் ஏதோ கோளாறு என்பதுதான் அந்தக் கணிப்பு. புலியைப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள் குறைவு என்பதால் அதைச் சோதித்தவர்களும் குறைவு. நாய் அப்படியில்லை, வாசலிலேயே கிடக்கிறது. அது வேலியோரத்து அருகம்புல்லைக் கடைவாயில் ஒதுக்கிக் கடித்து மெல்லுவதைப் பார்த்தவுடன் ‘வயிறு சரியில்லை போலிருக்கிறது’ என்கிறோம். கடைகளில் பாக்கெட் உணவு வாங்கிப் போடும் வழக்கம் வந்த பிறகு இதோடு இன்னொரு விளக்கமும் சேர்ந்துகொண்டது. கொடுக்கிற தீனியில் நார்ச்சத்து போதவில்லை, ஏதோ ஒரு சத்துக் குறைகிறது, அதைத்தான் நாய் புல்லில் தேடிக்கொள்கிறது என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு விளக்கங்கள் போலத் தோன்றினாலும் அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கைதான்: நாய் புல் தின்பது ஒரு குறையின் அடையாளம். இந்த நம்பிக்கைக்கு வயது ஏறத்தாழ 2,300 ஆண்டுகள். அதன் வரலாற்றையும், அதே காலத்தில் நாய் என்னென்ன தின்று வந்தது என்ற வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அது நிலைக்காது என்பதே என் வாதம். புலிகூடப் புல் தின்னும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1960களில் கான்ஹா காட்டில் புலிகளை ஆராய்ந்த ஜார்ஜ் ஷாலர், அவற்றின் எச்சத்தில் புல் இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

எழுத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய சாட்சி அரிஸ்டாட்டில். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய விலங்குகளைப் பற்றிய நூலில், ஊன் தின்னும் விலங்குகள் நோயுற்றபோது தவிர மற்ற நேரத்தில் புல் தின்பதில்லை என்றும், நாய்கள் புல்லைத் தின்று வாந்தியெடுத்துத் தங்களைச் சுத்தம் செய்துகொள்கின்றன என்றும் அவர் சொல்கிறார். வேறோர் இடத்தில், வயிற்றில் புழு வைத்த நாய் வயலில் நிற்கும் பயிரைத் தின்னும் என்கிறார். இந்தப் புழுவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். நானூறு ஆண்டுகள் கழித்து ரோமானியரான பிளினி இதையே இன்னும் விரித்தார். பசி மந்தித்த நாய் ஒரு மூலிகையைத் தேடித் தின்கிறது, நம் கண்முன்தான் தின்கிறது, ஆனால் மென்ற பிறகே பார்க்கிறோம் என்பதால் அது எந்தச் செடி என்று நமக்குத் தெரிவதில்லை என்று எழுதினார். பாம்பு கடித்தால் நாய் தேடும் செடி இன்னொன்று உண்டாம். மனிதன் பார்த்துக்கொண்டிருந்தால் அதைப் பறிக்கவே பறிக்காதாம். அந்தக் காலத்து மருத்துவத்தின் பெரும்பகுதி வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்து உடம்பைக் கழுவுவதுதான். குடலைக் கழுவும் முறையையே எகிப்தின் ஐபிஸ் பறவையிடமிருந்து மனிதன் கற்றான் என்று நம்பியவர் பிளினி. விலங்குகளை வைத்தியத்தின் ஆசான்களாகப் பார்த்த அந்தக் கண்ணுக்கு, புல் தின்று கக்கும் நாய் தனக்குத்தானே பேதி மருந்து கொடுத்துக்கொள்ளும் வைத்தியனாகத் தெரிந்ததில் வியப்பில்லை. அவர்கள் கண்டதில் பொய் இல்லை. ஆனால் கண்டதில் எதைக் குறித்துவைத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதில்தான் கோளாறு.

இந்த நம்பிக்கை ஏட்டில் மட்டும் இருக்கவில்லை, தொழிலாகவும் நடந்தது. அதை மிக அருகிலிருந்து காட்டுவது இடைக்கால ஐரோப்பாவின் வேட்டை நாய்க் கொட்டில். 1387இல் பிரான்சின் தென்கோடியில் ஃபுவா சிற்றரசர் காஸ்தோன் ஃபெபுஸ் வேட்டையைப் பற்றி ஒரு பெருநூல் எழுதத் தொடங்கினார். அதைப் பெரும்பகுதி தழுவி, யார்க் கோமகன் எட்வர்ட் 1406க்கும் 1413க்கும் இடையில் ஆங்கிலத்தில் ‘மாஸ்டர் ஆஃப் கேம்’ என்ற நூலைச் செய்தார். அரசனின் நாய்களுக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரியின் நூல் என்பதால் அதில் கதை குறைவு, வேலை அதிகம். கொட்டில் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், பின்பக்கக் கதவு வெயில் விழும் முற்றத்தில் திறக்க வேண்டும், வைக்கோலை அன்றாடம் மாற்ற வேண்டும், குடிக்க நல்ல தண்ணீர் ஓயாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக வரும். வைக்கோல் சுற்றிய கற்களை நட்டுவைக்க வேண்டும், நாய்கள் மூத்திரம் பெய்ய. இரவும் பகலும் ஒரு சிறுவன் அவற்றோடேயே இருக்க வேண்டும், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள. நாளுக்கு இரண்டு முறை, காலையிலும் மாலையிலும், அவற்றை வெயிலில் ஒரு புல்வெளிக்கு ஓட்டிப் போக வேண்டும். அந்த இடத்தில்தான் நமக்கு வேண்டிய செய்தி வருகிறது. இளம் புல்லும் பயிரும் முளைத்திருக்கும் இடமாகப் பார்த்து ஓட்டிப் போங்கள், அவை அதைத் தின்னட்டும், அது அவற்றுக்கு மருந்து, நோயுற்ற நாய் அதைத் தின்று வயிற்றைக் கழித்துக் குணமாகும் என்கிறது அந்நூல். அரிஸ்டாட்டில் பார்த்துச் சொன்னது இங்கே கொட்டில் சிறுவனின் தினசரி வேலையாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டைக் கூர்ந்து பார்த்தால், அதற்குச் சொல்லப்படும் காரணமும் அது நடக்கும் விதமும் ஒட்டாமல் நிற்பது தெரியும். மருந்து நோயாளிக்கு உரியது. கொட்டிலிலோ எல்லா நாய்களையும், ஒவ்வொரு நாளும், இரு வேளையும் புல்வெளிக்கு ஓட்டினார்கள். நோயில்லாத நாய்களும் புல் தின்னும் என்பதை அந்தச் சிறுவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இருந்திருக்க முடியாது. நாயோடு தூங்கி எழுந்தவர்கள் அவர்கள். ஆனால் நூல் எழுதியவர்கள் அவர்களல்லர். எழுதியவர்கள் பழைய நூல்களைப் படித்தவர்கள், கையில் ஒரு விளக்கத்தோடு வந்தவர்கள். 1652இல் லண்டனில் மூலிகை நூல் வெளியிட்ட நிக்கோலஸ் கல்பெப்பர் வரைக்கும் இது மாறவில்லை. வயலில் வேரோடிப் பரவும் கவுச் புல்லை விவரித்துவிட்டு, இவ்வளவு சொல்லியும் அடையாளம் தெரியாவிட்டால் நோயுற்ற நாயின் பின்னால் போங்கள், அது காட்டிக்கொடுக்கும் என்றார். அவர் அந்தப் புல்லின் வேரை மனிதரின் சிறுநீரகக் கோளாறுகளுக்குப் பரிந்துரைத்தவர். நாய் மருந்தறியும் என்று நம்பினால் அந்த மருந்தின் மதிப்பும் கூடும். நம்பிக்கை நிலைத்ததற்கு இப்படி வைத்தியருக்குப் பயனுள்ள காரணமும் இருந்தது.

இனி, இதே நூற்றாண்டுகளில் இந்த நாய்களின் வயிற்றுக்குள் என்ன போனது என்று பார்க்க வேண்டும். நார்ச்சத்துக் குறைவுதான் நாயைப் புல்லுக்கு விரட்டுகிறது என்றால், தவிடும் தானியமும் தின்று வளர்ந்த நாய் புல்லைத் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது. நடந்ததோ வேறு. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான வர்ரோ தன் வேளாண்மை நூலில், மந்தை காக்கும் நாய்க்குப் பாலில் ஊறவைத்த பார்லி ரொட்டி கொடுக்கச் சொல்கிறார். செத்த ஆட்டின் இறைச்சியைத் தின்ன விடக் கூடாது, ருசி கண்டால் காவல் கெடும் என்று எச்சரிக்கிறார். அடுத்த நூற்றாண்டில் இன்னொரு வேளாண்மை நூலாசிரியரான கொலுமெல்லா, பார்லி மாவைத் தயிர்த் தெளிவோடு கலந்து கொடுக்கவும், மேய்ச்சல் இல்லாத திராட்சைத் தோட்டங்களில் கோதுமை ரொட்டியை அவரை வேகவைத்த நீரில் கரைத்து ஊற்றவும் சொல்கிறார். இந்தக் கொலுமெல்லாவும் பிளினியும் ஒரே காலத்தவர்கள், ஒரே நாட்டவர்கள். ஒருவர் தோட்டத்தில் நாய்க்கு உமியும் தவிடும் கலந்த மாவு போட, இன்னொருவர் நாய் புல் தின்பதைக் கண்டு அதிசயிக்கிறார். இடைக்காலக் கொட்டிலிலும் அன்றாடத் தீனி தவிட்டு ரொட்டிதான். வேட்டை விழுந்த நாளில்தான் இறைச்சி. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நரி வேட்டை நாய்களுக்கு ஓட்ஸ் மாவும் பார்லி மாவும் கொதிக்கவைத்த கஞ்சியை வார்த்தார்கள், குதிரை இறைச்சி கிடைத்தபோது சேர்த்தார்கள். நம் தென்மாவட்டங்களில் கம்மங்கூழும் கேழ்வரகுக் கூழும் ஊற்றி வேட்டை நாய் வளர்த்ததும் இதே கணக்கில் வரும். இன்றைய பாக்கெட் உணவை விட நார்ச்சத்து மிகுந்த தீனி இது. அதைத் தின்ற நாய்களும் புல் தின்றன. வரலாறு கையில் கொடுக்கும் மிக வலுவான சான்று இதுதான் என்று நினைக்கிறேன். கிண்ணத்தில் விழுவது எத்தனையோ முறை மாறியிருக்கிறது, புல் மாறவில்லை.

அப்படியானால் சத்துக்குறைவு என்ற விளக்கம் எங்கிருந்து வந்தது? ஒரு வணிகமும் ஓர் அறிவியலும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. 1860களில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார். இடிதாங்கி விற்க வந்தவர், துறைமுகத்தில் மாலுமிகள் எறிந்த கப்பல் பிஸ்கட்டை நாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைக் கண்டு இந்த யோசனை வந்தது என்று தொழில் வட்டாரத்தில் சொல்வார்கள். கோதுமை மாவு, பீட்ரூட் போன்ற காய்கள், உலர்த்திய மாட்டிறைச்சி நார் ஆகியவற்றைப் பிசைந்து சுட்ட கட்டிகள் அவை. 1922இல் அமெரிக்காவில் ‘கென்-எல் ரேஷன்’ என்ற பெயரில் டப்பாவில் அடைத்த குதிரை இறைச்சி வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரம் தட்டுப்பாடானதும் உலர் உணவு மேலேறியது. 1957இல் பியூரினா நிறுவனம் மாவை அழுத்தத்தில் வேகவைத்துப் பொரியாகப் பிதுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் உருண்டைத் தீனி அதன் வாரிசு. வீட்டு மிச்சம் தின்ற பிராணிக்கு முதன்முறையாக ‘முழுமையான உணவு’ என்ற ஒன்று இருக்கிறது என்று விற்றார்கள். முழுமை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் குறை என்ற பயமும் பின்னாலேயே வரும்.

அந்தப் பயம் வெறும் விளம்பரத்தில் பிறந்ததல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சத்துக்குறை நோய்களைப் பற்றிய அறிவியலின் பெரிய கண்டுபிடிப்புகள் சில நாயின் உடம்பில்தான் நிகழ்ந்தன. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் எட்வர்ட் மெலன்பி, லண்டனில் நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் கஞ்சி போன்ற தீனியை மட்டும் கொடுத்து வளர்த்து, எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோயை வரவழைத்தார். காட் மீன் கல்லீரல் எண்ணெய் அதைத் தடுத்தது. வைட்டமின் டி அறியப்பட்டதற்கு அது வழி வைத்தது. 1937இல் கான்ராட் எல்வெஹ்யெம் நாயின் ‘கருநாக்கு’ நோய் நிகோடினிக் அமிலத்தால் தீர்வதைக் காட்டியபோது, அமெரிக்கத் தென்மாநிலங்களில் சோளம் மட்டும் தின்ற ஏழைகளைக் கொன்ற பெல்லக்ரா நோயின் மருந்தும் அதுவே என்று தெரிந்தது. தீனி கெட்டால் நாய் எப்படிக் கெடும் என்று கண்ணால் கண்ட தலைமுறை, புல் தின்னும் நாயைப் பார்த்ததும் எதுவோ குறைகிறது என்று எண்ணியது இயல்புதான். அரிஸ்டாட்டில் காலத்தவர் தங்கள் பேதி வைத்தியத்தை நாய் மேல் ஏற்றினார்கள், இவர்கள் தங்கள் வைட்டமினை ஏற்றினார்கள். ஆனால் மெலன்பியும் எல்வெஹ்யெமும் ஒரு சத்தை நீக்கி, நோயைக் கண்டு, சத்தைத் திருப்பிக் கொடுத்து, நோய் போனதைக் கண்டார்கள். புல் தின்பதைப் பற்றிச் சொன்னவர்கள் யாரும் வெகுகாலம் அந்தச் சோதனையைச் செய்யவில்லை.

பெரிய அளவில் எண்ணிப் பார்த்தவர்கள் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவத் துறையினர். கேரன் சூடா, பெஞ்சமின் ஹார்ட், கெல்லி கிளிஃப் ஆகியோரின் ஆய்வு 2008இல் வெளியானது. முதலில் நாய் வளர்க்கும் 25 மாணவர்களைக் கேட்டார்கள். அத்தனை பேரின் நாயும் புல் தின்றது. அதற்கு முன் நோயின் அறிகுறி கண்டதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. மருத்துவமனைக்கு நாய் கொண்டுவந்த 47 பேரைக் கேட்டதில் 79 சதவீத நாய்கள் ஏதாவது தாவரம் தின்றிருந்தன. பிறகு இணையவழியில் கேட்டு, பயன்படத்தக்க 1,571 பதில்களை ஆராய்ந்தார்கள். 68 சதவீதத்தினர் தங்கள் நாய் தினமுமோ வாரந்தோறுமோ தாவரம் தின்பதாகச் சொன்னார்கள். தின்பதற்கு முன் அடிக்கடி நோயுற்றது போல் இருக்கும் என்றவர்கள் 8 சதவீதம். தின்ற பின் வழக்கமாக வாந்தியெடுக்கும் என்றவர்கள் 22 சதவீதம். தீனியில் நார்ச்சத்து எவ்வளவு, எந்த வகைத் தீனி என்பதற்கும் புல் தின்பதற்கும் தொடர்பு தென்படவில்லை. வயது மட்டும் கணக்கில் வந்தது. இளம் நாய்களே அதிகம் தின்றன, அவையே நோய் அறிகுறி குறைவாகக் காட்டின.

நாய் வளர்ப்பவர் நினைவிலிருந்து சொல்வதை நம்பலாமா என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அக்கறையுள்ளவர்களே பதில் அனுப்புவார்கள், அவர்களும் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அதனால் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் நடந்த வேலையை நான் மேலும் மதிக்கிறேன். அங்கே யாரையும் கேட்கவில்லை, உட்கார்ந்து பார்த்தார்கள். கொட்டிலில் வைத்த 12 நாய்களுக்குப் புல் கொடுத்து, 2007இல் வெளியிட்ட ஆய்வில், அவை தீனிக்கு முன் அதிகமாகவும் வயிறு நிறைந்த பின் குறைவாகவும் புல் தின்றன என்று கண்டார்கள். வாந்தி மிக அரிதாகவே வந்தது. 2010இல் வெளியான அடுத்த ஆய்வுதான் பழைய நம்பிக்கையை நேருக்கு நேர் சோதித்தது. தீனியில் ஒருவகை நார்ச் சர்க்கரையைச் சேர்த்து நாய்களுக்கு இலேசாக வயிற்றைப் போக வைத்தார்கள். புல் மருந்தென்றால் அப்போது அவை புல்லை நாடியிருக்க வேண்டும். நேர்மாறாக, வயிறு கலங்கிய நாட்களில் அவை புல் தின்பது குறைந்தது. நோயில் நாம் சோற்றை ஒதுக்குவது போல அவை புல்லையும் ஒதுக்கின. ஆகவே தீனிக்கும் புல்லுக்கும் உறவே இல்லை என்பதல்ல. பசியும் தீனி நேரமும் அளவைக் கூட்டிக் குறைக்கின்றன. பசித்த நாய்க்குப் புல்லும் வாயில் போடத்தக்க ஒரு பொருள். இவ்வளவுதான் அந்த ஆய்வுகளிலிருந்து சொல்ல முடியும்.

இதற்கு எதிராக வைக்கத்தக்க ஒரு நல்ல சான்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2007இல் கொரிய மருத்துவர்கள் 11 வயது மினியேச்சர் பூடில் ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ஏழு ஆண்டுகளாக அது செடிகொடிகளைத் தின்று வாந்தியெடுத்து வந்தது. நார்ச்சத்து மிகுந்த தீனிக்கு மாற்றிய மூன்றாம் நாளே அந்தப் பழக்கம் நின்றது, 13 மாதங்கள் கவனித்தும் திரும்பவில்லை. பத்திரிகைக் கட்டுரைகளில் நார்ச்சத்து விளக்கத்துக்கு ஆதாரமாக இந்த ஒரு நாயே திரும்பத் திரும்ப வருகிறது. அந்த நாய்க்கு நார்ச்சத்து உதவியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது வழக்கமாகப் புல் மேயும் நாயல்ல, ஆண்டுக்கணக்கில் நோயாக நீண்ட பழக்கம் கொண்டது. குடல் கோளாறு சில நாய்களைக் கண்டதை நக்கவும் விழுங்கவும் வைக்கும் என்பது மருத்துவர்கள் அறிந்ததுதான். டேவிஸ் ஆய்விலும், முன்பே நோயுற்றது போலிருந்த நாய்களுக்கே பின்னால் வாந்தி அதிகம் வந்தது. அரிஸ்டாட்டில் கண்ட நாய் இந்தச் சிறு பிரிவைச் சேர்ந்தது. அது உண்மையான நாய்தான். ஆனால் சத்தமில்லாமல் நான்கு இதழ் புல்லைக் கடித்துவிட்டுப் போன மற்ற நாய்களை யாரும் குறித்துவைக்கவில்லை. வாந்தி தரையில் கிடக்கிறது, துடைக்க வேண்டியிருக்கிறது, நினைவில் நிற்கிறது. வாந்தி வராத நாளை நினைவில் வைக்க யாருக்கும் காரணமில்லை. 2,300 ஆண்டுகள் ஒரு நம்பிக்கை தாங்கி நின்றதற்கு இந்த ஏற்றத்தாழ்வே போதும்.

இன்னொரு கேள்வியும் எழும். நாய் மனிதரோடு சேர்ந்து தானியம் தின்னப் பழகியதே, அந்தப் பழக்கத்தின் நீட்சியாகத்தான் புல்லும் வந்ததோ? 2013இல் ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் காட்டியது இங்கே பொருந்தும். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் 4 முதல் 30 வரை இருக்கின்றன. பார்லி ரொட்டியும் கூழும் நாயின் உடம்பிலேயே எழுதப்பட்டுவிட்டன. ஆனால் அந்த நொதி மாவைத்தான் உடைக்கும். புல்லின் உடல் செல்லுலோஸ், அதற்கு ஓநாயிடமும் வழியில்லை, நாயிடமும் இல்லை. போன புல் பெரும்பாலும் போனபடியே வெளியே வருகிறது. எனவே புல் ஓர் உணவாகவே உள்ளே போகவில்லை என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. நாயாவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. 1939 முதல் அலாஸ்காவின் மெக்கின்லி மலைப்பகுதியில் ஓநாய்களை ஆராய்ந்த அடோல்ஃப் மூரி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓநாய் எச்சங்களைப் பிரித்துப் பார்த்தவர். அவற்றில் புல்லும் கண்டார், புல்லோடு உருண்டைப் புழுக்களும் சேர்ந்து வெளிவந்திருப்பதைக் கண்டார். அங்கே கிண்ணம் இல்லை, பாக்கெட் இல்லை, பார்லியும் இல்லை.

இங்கேதான் அரிஸ்டாட்டிலின் புழு திரும்பி வருகிறது. பெஞ்சமின் ஹார்ட் முன்வைத்த கருத்து இது: செரியாத நீண்ட இதழ்கள் குடல் வழியே போகும்போது அதன் அசைவைத் தூண்டி, புழுக்களைச் சுற்றி இழுத்துக்கொண்டு போகின்றன. நோய் வந்த பிறகு தின்னும் மருந்தாக அவர் இதைச் சொல்லவில்லை. நலமாயிருக்கும்போதே, ஒழுங்காக, வயிற்றைப் பெருக்கிவிடும் பழக்கமாகச் சொன்னார். இளம் நாய்களே அதிகம் தின்பதும் இதோடு பொருந்துகிறது, ஏனென்றால் டாக்சோகாரா என்ற உருண்டைப் புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குத் தொற்றுவது, குட்டிப் பருவத்தில்தான் அதன் சுமையும் அதிகம். தான்சானியாவின் மஹாலே மலைக்காட்டில் சிம்பன்சிகள் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் மடித்து விழுங்குவதையும், அவை வெளிவரும்போது குடற்புழுக்களும் சேர்ந்து வருவதையும் மைக்கேல் ஹஃப்மன் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்திருக்கிறார். நாயில் இது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பூச்சி மருந்து கொடுத்து வளர்க்கும் நாயும் புல் தின்கிறதே என்ற ஆட்சேபத்துக்கு, காரணம் போன பின்பும் பழக்கம் தங்கும் என்று பதில் சொல்லலாம். படுக்குமுன் மெத்தையிலேயே மும்முறை சுற்றும் பிராணி அது. ஆனாலும் அது பதில்தான், சான்றல்ல. எனக்கு இந்தக் கருத்தில் பிடித்திருப்பது, அது ஓநாயையும் ரோமானியத் தோட்ட நாயையும் கொட்டில் நாயையும் இன்றைய பொமரேனியனையும் ஒரே கோட்டில் நிறுத்துகிறது என்பது. தீனியை வைத்து விளக்குபவர்களால் அது முடிவதில்லை.

வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது சிறிதுதான். நலமாக ஓடியாடும் நாய் புல் கடித்தால் தீனியை மாற்றி ஓட வேண்டியதில்லை. வழக்கமில்லாத வெறியோடு தின்றாலோ, கூடவே வாந்தியும் மெலிவும் இருந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொட்டில் சிறுவன் ஓட்டிப் போன புல்வெளியில் களைக்கொல்லி இல்லை, நம் பூங்காக்களில் இருக்கலாம், அது புல்லை விடப் பெரிய கவலை. ஆய்வாளர்கள் செய்ய வேண்டியதோ நிறைய இருக்கிறது. நான் எடுத்துச் சொன்ன கலிஃபோர்னிய, ஆஸ்திரேலிய ஆய்வுகள் வேளாவேளைக்குத் தீனி கிடைக்கும் வீட்டு நாய்களையும் கொட்டில் நாய்களையும் பார்த்தவை. உலகத்து நாய்களில் பெரும்பான்மை அப்படிப்பட்டவையல்ல. நம் தெருநாய்கள் சோறும் மிச்சமும் தின்கின்றன, ஆண்டுக்கு ஒரு முறைகூடப் பூச்சி மருந்து காணாதவை ஏராளம். புழுவுக்கும் புல்லுக்கும் உறவுண்டா என்று கேட்க இவற்றைவிடப் பொருத்தமான நாய்கள் இல்லை. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களின் உணவுத் தேர்வையும் குட்டி வளர்ப்பையும் தெருவிலேயே நின்று கவனித்து ஆராய்ந்து காட்டியிருக்கிறது. அதே முறையில் ஒரு தெருவின் நாய்களை ஒரு பருவம் முழுக்கக் கவனித்து, எது எப்போது புல் தின்றது என்று குறித்து, எச்சத்தில் புழு முட்டைகளை எண்ணி, பாதி நாய்களுக்குப் பூச்சி மருந்து கொடுத்துவிட்டு மறுபடி எண்ணினால், அரிஸ்டாட்டில் ஒற்றை வரியில் சொல்லிப்போன அந்தப் புழுவைப் பற்றி ஏதாவது உறுதியாகச் சொல்ல முடியும். இதற்குப் பெரிய செலவில்லை, ஒரு நுண்ணோக்கியும் பொறுமையுள்ள சில மாணவர்களும் போதும்.